ஊசலின் ஆட்டமும் அதை மாற்றும் பௌதிகக் காரணங்களும்

பள்ளியில் பௌதிகம் பயிலும் மாணவன் முதன்முதலாகச் செய்யும் சோதனைகளுள் ஒன்று ஊசற் சோதனை. நூலில் தொங்கும் ஓர் உலோகக் குண்டு, ஒரு மீட்டர் அளவுகோல், ஒரு நிறுத்துக் கடிகாரம் ஆகிய மூன்றையும் கொண்டு பூமியின் ஈர்ப்பையே அளந்துவிடலாம் என்பதை அவன் அங்கே அறிகிறான். ஊசலின் அலைவு காலம் அதன் நீளத்தையும் அவ்விடத்துப் புவியீர்ப்பையும் மட்டுமே பொறுத்தது என்று பாடநூல் கூறுகிறது. பள்ளிச் சோதனைக்கு இக்கூற்றுப் போதுமானது. இதே ஊசலைக் கொண்டு இமயமலையின் அடியில் உள்ள பாறை கனமானதா, லேசானதா என்று காண முற்பட்டவர்களுக்கு இது போதவில்லை. காற்று, உஷ்ணம், ஆட்டத்தின் அகலம், ஊசலைத் தாங்கி நிற்கும் சட்டம் எனப் பாடநூல் ஒதுக்கிவைத்த ஒவ்வொன்றையும் அவர்கள் தனித்தனியே அளந்து கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

அவர்களுக்கு அத்தகைய நுட்பம் ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் காணவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜார்ஜ் எவரெஸ்டு நடத்திய பெரும் முக்கோண அளவையில், மத்திய இந்தியாவிலுள்ள கலியான்பூருக்கும், யமுனைக்கும் கங்கைக்கும் இடைப்பட்ட சமவெளியிலுள்ள கலியானாவுக்கும் இடையே உள்ள அட்சரேகை வேறுபாடு இரண்டு வழிகளில் கணிக்கப்பட்டது. தரையில் முக்கோணங்கள் அமைத்து அளந்தது ஒரு வழி. நட்சத்திரங்களை நோக்கிக் கண்டது மற்றொரு வழி. இரண்டு விடைகளும் 5.236 விகலை வேறுபட்டன. தரையில் இது ஏறத்தாழ 160 மீட்டர் ஆகும். அந்த அளவைப் பணியின் நேர்த்திக்கு இது பொறுக்கத்தக்க பிழையன்று.

கல்கத்தாவில் ஆர்ச்டீக்கன் பதவி வகித்த பிராட் என்னும் பாதிரியார் கணிதத்தில் வல்லவர். இமயமலைத் திரள் தூக்குக்குண்டைத் தன்பால் இழுப்பதால் இவ்வேறுபாடு விளைந்திருக்கலாம் என்று கருதி, மலையின் பருமனைக் கணக்கிட்டு, அவ்விழுப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்று 1855-இல் வெளியிட்டார். விடை 15.885 விகலை. அதாவது, மலை இழுக்கவேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் இழுத்திருந்தது! மலைகள் அடியில் ஆழமான வேர் கொண்டு, கனமான அடிப்படலத்தில் மிதப்பனபோல் நிற்கின்றன என்று ஏரி அதே ஆண்டில் விளக்கம் தந்தார். மலைக்கு அடியிலுள்ள பாறையின் அடர்த்தியே குறைவு என்று பிராட் பின்னர் கூறினார். இவ்விளக்கங்களுக்குச் சான்று தேவை. தூக்குக்குண்டு பக்கவாட்டில் இழுக்கும் ஈர்ப்பைக் காட்டும். ஊசலோ நேர்கீழாக இழுக்கும் ஈர்ப்பைக் காட்டும். ஆகவே, ஊசலை மலைமேல் ஏற்றி ஆட்டிப் பார்ப்பதே வழியாயிற்று.

ஒரு நாளுக்கு எத்தனை விநாடி?

ஊசலைப் பற்றிய நுட்பங்களை எடைபோட ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு விநாடி எடுக்கும் ஊசலுக்கு வினாடி ஊசல் என்று பெயர். அதன் நீளம் சென்னையில் 99.12 சென்டிமீட்டர். குறையேதும் இல்லாவிடில் அது ஒரு நாளில் 86,400 முறை ஆடும். ஒரு காரணம் அதன் ஆட்டத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பதை, ஒரு நாளில் எத்தனை விநாடி பின்தங்குகிறது அல்லது முந்துகிறது என்று கூறினால் எளிதில் விளங்கும். அலைவு காலம் ஈர்ப்பின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைவதால், ஈர்ப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஊசல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 விநாடி பின்தங்கும். நீளம் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினாலும் அதே அளவு பின்தங்கும்.

ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதை முதலில் வெளிப்படுத்தியதும் ஊசலே. 1672-இல் ழான் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலார், பாரிஸில் சரிபார்த்த ஊசற் கடிகாரத்துடன் தென் அமெரிக்காவிலுள்ள கயேனுக்குச் சென்றார். அங்கே கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டு நிமிஷத்துக்கும் மேலாகப் பின்தங்கிற்று. அதைச் சரிசெய்ய ஊசலை 2.8 மில்லிமீட்டர் குறுக்க வேண்டியிருந்தது. நிலநடுக்கோட்டை நெருங்கும்போது ஈர்ப்பு குறைகிறது என்பதற்கும், பூமி துருவங்களில் தட்டையானது என்பதற்கும் இதுவே முதற்சான்று. நிலநடுக்கோட்டில் ஈர்ப்பு முடுக்கம் விநாடிக்கு விநாடி 9.780 மீட்டர், துருவத்தில் 9.832 மீட்டர். இவ்வேறுபாடு நாளொன்றுக்கு 3 நிமிஷம் 48 விநாடிக்குச் சமம். நம் நாட்டிலேயே, சென்னையில் சரிபார்த்த ஊசற் கடிகாரத்தைத் திருத்தாமல் தில்லிக்குக் கொண்டு சென்றால், அது நாளுக்குச் சுமார் 37 விநாடி முந்தும். சென்னை வானியல் நிலையத்தில் கோல்டிங்காம் 1821-இலேயே இவ்வகை அளவீட்டைச் செய்து, இலண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் அடுத்த ஆண்டு பதிப்பித்தார்.

இனி மலைக்கு வருவோம். உயரம் கூடக்கூடப் பூமியின் மையத்திலிருந்து விலகுவதால் ஈர்ப்பு குறைகிறது; ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஊசல் நாளுக்கு ஏறத்தாழ 13.6 விநாடி பின்தங்கும். ஆனால் கால்கீழே உள்ள ஒரு கிலோமீட்டர் பாறையும் ஊசலை இழுக்கும். அதனால் ஏறத்தாழ 5 விநாடி மீட்கப்படும். மலையின் அடியில் பாறை வழக்கமான அடர்த்தியுடையதாயின் நிகர இழப்பு கிலோமீட்டருக்கு 8.7 விநாடி. மலை மிதந்து நிற்பதாயின், மேலுள்ள பாறையின் மிகுதியை அடியிலுள்ள குறைவு ஈடுசெய்துவிடும். அப்போது இழப்பு 13.6 விநாடியை நெருங்கும். ஏறத்தாழ 4,700 மீட்டர் உயரமுள்ள ஒரு பீடபூமியில் இவ்விரு விடைகளும் 41 விநாடி, 64 விநாடி என அமையும். பிராட், ஏரி ஆகியோரின் விளக்கங்கள் மெய்யா என்பது இந்த 23 விநாடிகளில் அடங்கியிருந்தது. ஆகவே பிற காரணங்களால் விளையும் மாற்றங்களை விநாடியின் சிறு பின்னமளவுக்கு அறிந்தாலன்றி மலையைப் பற்றி எதுவும் கூற இயலாது.

எடையும் ஆட்டத்தின் அகலமும்

கனமான குண்டு வேகமாக ஆடுமா, லேசான குண்டு வேகமாக ஆடுமா என்பது வகுப்பில் தவறாமல் எழும் கேள்வி. இதற்கு நியூட்டன் நேரடியாக விடை கண்டார். சம அளவுள்ள இரண்டு மரப் பெட்டிகளை 11 அடி நீளமுள்ள நூல்களில் தொங்கவிட்டு, ஒன்றில் மரத்தையும், மற்றொன்றில் அதே எடையுள்ள தங்கத்தையும் வைத்து ஆட்டினார். பிறகு வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, நீர், கோதுமை ஆகியவற்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பெட்டிகள் நெடுநேரம் ஒன்றாகவே போய் ஒன்றாகவே வந்தன. பெட்டிகள் இரண்டும் ஒரே வடிவமாதலால் காற்றின் தடை இரண்டுக்கும் சமம் என்பது இச்சோதனையின் நயம். பொருளின் தன்மை எதுவாயினும் ஈர்ப்பு அதன் பொருண்மைக்கு ஏற்பவே செயற்படுகிறது. ஆகவே குண்டின் எடை அலைவு காலத்தை மாற்றாது.

ஆனால் எடைக்கு வேறொரு பயன் உண்டு. கனமான குண்டின் ஆட்டத்தைக் காற்று எளிதில் தணிக்க இயலாது. அது நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். 2023-இல் திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றக் கட்டிடத்தின் அரசியலமைப்பு மண்டபத்தில், கொல்கத்தாவிலுள்ள தேசிய விஞ்ஞான அருங்காட்சியகக் குழுமம் அமைத்த பூக்கோ ஊசலின் உயரம் 22 மீட்டர், எடை 36 கிலோகிராம். எடையை இருமடங்காக்கினாலும் அது ஒருமுறை போய் வரும் நேரமாகிய ஏறத்தாழ 9.4 விநாடி மாறாது.

ஆட்டத்தின் அகலம் அல்லது வீச்சு அலைவு காலத்தைப் பாதிக்காது என்பது கலிலியோவின் காலத்திலிருந்து கூறப்பட்டு வரும் கருத்து. இது சிறு வீச்சுக்கு மட்டுமே பொருந்தும். குண்டை மீட்கும் விசை கோணத்தின் சைனைப் பொறுத்தது, கோணத்தையே பொறுத்ததன்று. கோணம் பெரிதாகும்போது சைன் அதற்கு ஈடாக வளர்வதில்லை. எனவே மீட்கும் விசை தளர்கிறது, ஊசல் மெதுவாகிறது. ஓய்வு நிலையிலிருந்து ஒரு பக்கமாக 1 பாகை வீச்சுள்ள ஊசல் நாளுக்கு 1.6 விநாடி பின்தங்கும். 5 பாகையில் இது 41 விநாடியாகும். 10 பாகையில் 164 விநாடி. வீச்சு இருமடங்கானால் பிழை நான்கு மடங்காகிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. ஹைகன்ஸ் இக்குறையை நீக்க, ஊசலின் நூல் வளைந்த தகடுகளின்மீது படிந்து ஆடுமாறு அமைத்தார். கணிதத்தில் அழகிய இம்முறை நடைமுறையில் நிலைக்கவில்லை. வீச்சைச் சிறிதாக வைத்துக்கொள்வதே எளிதாயிற்று. ஈர்ப்பை அளப்பவர்கள் ஒரு பாகை அளவான வீச்சில் தொடங்கி, ஆட்டம் தணியத் தணிய வீச்சைக் குறித்துவந்து, அதற்கேற்பத் திருத்தம் செய்தனர்.

உஷ்ணம்

பித்தளைக் கம்பி ஒவ்வொரு டிகிரி சென்டிகிரேடுக்கும் பத்து லட்சத்தில் 19 பங்கு நீளும். ஒரு டிகிரி உயர்வுக்குப் பித்தளை ஊசல் நாளுக்கு 0.82 விநாடி பின்தங்கும்; எஃகு ஊசல் ஏறத்தாழ அரை விநாடி பின்தங்கும். இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் பித்தளை ஊசலின் உஷ்ணநிலையைக் கணிப்பதில் ஒரு டிகிரி தவறினால், விளையும் பிழை ஒருவர் நிற்குமிடத்தின் உயரத்தை 60 மீட்டர் தவறாகக் கூறுவதற்குச் சமமாகும். வட இந்தியாவில் காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே 15 டிகிரி ஏறுவது அரிதன்று.

இதில் கவனிக்கவேண்டிய மற்றொரு செய்தி உண்டு. உஷ்ணமானி காட்டுவது தன்னுடைய உஷ்ணநிலையை. ஊசலின் உஷ்ணநிலையை அன்று. தடித்த பித்தளைச் சட்டம் மெதுவாகவே சூடேறும், மெதுவாகவே ஆறும். ஆகையால் உஷ்ணமானியின் குமிழை ஊசலைப் போன்றதொரு பித்தளைத் துண்டினுள் பொருத்தி ஊசலருகே வைப்பது நல்ல வழக்கம். அறையின் உஷ்ணம் மெல்லவே மாறும்படி பார்த்துக்கொள்வது அதனினும் நன்று.

கடிகாரக்காரர்கள் இத்தொல்லையை வேறு வழியில் தீர்த்தனர். கிரஹாம் ஊசலின் அடியில் பாதரசக் குடுவையை வைத்தார். கம்பி கீழ்நோக்கி நீளும்போது பாதரசம் மேல்நோக்கி விரிந்து ஈடுசெய்தது. ஹாரிசன் எஃகுக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் மாற்றி மாற்றிச் சட்டமாக அமைத்தார். 1896-இல் கில்லோம் கண்ட இன்வார் என்னும் நிக்கல்-எஃகுக் கலவை இத்தகைய உபாயங்களின் தேவையைப் பெரிதும் குறைத்தது. அது விரிவது பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்கே. மரத்தண்டு உஷ்ணத்தால் அதிகம் நீளாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி நீளும். மழைக்காலத்தில் மரத்தண்டு ஊசலை நம்புவதற்கில்லை.

காற்று செய்யும் மூன்று வேலைகள்

காற்றுத்தடை ஊசலின் வீச்சைக் குறைக்கிறது என்பதை எல்லாரும் காண்கின்றனர். அதனால் ஊசல் மெதுவாகிறது என்றும் பலர் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் ஏறக்குறையத் தவறு. நூறு அலைவுகளில் வீச்சுப் பாதியாகும் ஓர் ஊசலை எடுத்துக்கொண்டால், தணிவின் காரணமாக அதன் அலைவு காலம் கூடுவது நாளுக்கு ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குதான். மாறாக, வீச்சுக் குறைவதால் மேலே கூறியபடி ஊசல் சற்று விரைகிறது. வகுப்பில் ஆட்டம் தளர்ந்துபோவதைக் கண்ட மாணவன் அலைவு காலமும் மாறிவிட்டது என்று கூறினால், முதற் பத்து அலைவுகளையும் கடைசிப் பத்து அலைவுகளையும் அவனையே அளக்கச் சொல்வது மேல்.

காற்றின் இரண்டாவது வேலை மிதப்பு. நீரில் மூழ்கிய பொருள் எடை இழப்பதுபோல் காற்றில் மூழ்கிய குண்டும் சிறிது எடை இழக்கிறது; ஆனால் அதன் பொருண்மை குறைவதில்லை. ஆகவே அது மெதுவாக ஆடுகிறது. பித்தளைக் குண்டுக்கு இது நாளுக்கு ஏறத்தாழ 6 விநாடி. கேட்டர் முதலிய முன்னோடிகள் இத்துடன் நிறுத்திக்கொண்டனர். ஊசல் தன்னுடன் சிறிது காற்றையும் இழுத்துக்கொண்டு ஆடுகிறது என்பதை பெஸ்ஸெல் 1828-இல் வற்புறுத்திக் காட்டினார். இழுபடும் காற்றுக்கு மீட்கும் விசை ஏதும் இல்லை. ஊசலுக்கு அது வெறும் சுமை. இது மூன்றாவது வேலை. வடிவத்தைப் பொறுத்து, மொத்தத் திருத்தம் மிதப்புக்கு மட்டும் கண்டதைப்போல் இருமடங்குவரை ஆகலாம். காற்றின் பாகுத்தன்மையைக் கொண்டு இதன் கணிதத்தை ஸ்டோக்ஸ் 1851-இல் வகுத்தார். ஊசலைப் பற்றிய அவருடைய அக்கட்டுரையில் பிறந்த விதியே இன்று மேகத்தின் நுண்துளி விழும் வேகத்தையும், நீரில் வண்டல் படியும் வேகத்தையும் கணிக்க உதவுகிறது. வானிலைத் துறையினரும் மண் ஆராய்ச்சித் துறையினரும் தம்மையறியாமலே ஊசலுக்குக் கடன்பட்டுள்ளனர்.

மலைமேல் ஊசலை ஆட்டுவோருக்குக் காற்று தரும் தொல்லை எளிதிற் புலப்படும். 4,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் ஐந்தில் மூன்று பங்கே. கடல்மட்டத்தில் 10 விநாடியாக இருந்த காற்றுத் திருத்தம் அங்கே 6 விநாடியாகிவிடும். இந்த 4 விநாடி வேறுபாட்டைக் கவனியாது விட்டால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாறையின் ஈர்ப்பளவு பிழை புகுந்துவிடும். இதற்குத் தீர்வு ஒன்றே: ஊசலை மூடிய கூட்டினுள் வைத்துக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும்.

பாஸெவியின் பயணம்

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டே இந்திய முக்கோண அளவை இலாகாவின் தலைவராயிருந்த வாக்கரின் காலத்தில், காப்டன் ஜேம்ஸ் பாஸெவி 1865-இல் பணியைத் தொடங்கினார். ராயல் சொஸைட்டி இரண்டு பித்தளை ஊசல்களை இரவலாக அனுப்பியிருந்தது. இவை மாறா ஊசல்கள் எனப்படும். இவற்றின் நீளத்தைத் திருத்துவதற்குரிய திருகோ மரையோ எதுவும் இராது. நீளம் மாறாதது என்ற உறுதி இருந்தால், ஓரிடத்தில் ஆடிய ஆட்டத்தையும் மற்றோரிடத்தில் ஆடிய ஆட்டத்தையும் ஒப்பிட்டே ஈர்ப்பின் வேறுபாட்டைக் கணித்துவிடலாம். நீளத்தை அளக்கவே வேண்டியதில்லை.

ஆட்டங்களை எண்ணிய முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரு நாள் முழுதும் 86,400 ஆட்டங்களை எவராலும் எண்ண இயலாது. எனவே ஊசலை ஒரு நல்ல கடிகாரத்தின் முன்னே ஆடவிட்டு, தொலைநோக்கி வழியே இரண்டையும் ஒருங்கே பார்ப்பர். வேகம் சற்று வேறுபட்டிருப்பதால் இரண்டும் ஒருமுறை ஒன்றுபட்டு, பிறகு பிரிந்து, மீண்டும் ஒன்றுபடும். கடிகாரம் 500 ஆட்டம் ஆடிய பின் மீண்டும் ஒன்றுபட்டால், ஊசல் அதற்குள் 498 ஆட்டம் ஆடியிருக்கிறது என்று பொருள். ஒன்றுபடும் நேரத்தைக் குறிப்பதில் ஒரு விநாடி தவறினாலும், விடையில் பிழை பத்து லட்சத்தில் எட்டுப் பங்குதான். அடுத்தடுத்துப் பத்து முறை ஒன்றுபடும்வரை காத்திருந்தால் அப்பிழையும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். எஞ்சியிருப்பது கடிகாரத்தின் பிழை. அதைத் தீர்க்க ஒவ்வோர் இரவும் நட்சத்திரங்களை நோக்கவேண்டும். பகலில் ஊசல், இரவில் வானம் என்பதே அவர்களது வேலைநாள்.

கன்னியாகுமரியை அடுத்த நிலையம் தொடங்கி, நாட்டின் நடுவே வடக்கு நோக்கிச் செல்லும் பெருவில்லின்மீதும், கடற்கரைகளிலும், அரபிக்கடலிலுள்ள மினிக்காய்த் தீவிலும் பாஸெவி ஊசலை ஆட்டினார். இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்களில், ஊசல்களையும் காற்று நீக்கும் கூட்டையும் பம்பையும் கடிகாரத்தையும் தொலைநோக்கிகளையும் தூக்கிச் சென்று, இறக்கிப் பூட்டி, நாட்கணக்காக ஆட்டிப் பார்த்துப் பின் கட்டி எடுக்க வேண்டும். கத்திமுனை சிறிது மழுங்கினாலும், தண்டு சிறிது வளைந்தாலும் முன்னைய அளவுகள் அனைத்தும் ஐயத்துக்கு உரியனவாகிவிடும். மாட்டுவண்டியும் சுமைகூலிகளும் போக்குவரத்தாக இருந்த காலத்தில் இது எளிய பொறுப்பன்று. அவருடன் சென்ற சுமைகாரர்களின் பெயர்கள் அறிக்கைகளின் தலைப்பில் இடம்பெறவில்லை. ஊசல்கள் பழுதின்றிப் போய்ச் சேர்ந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

1871-இல் அவர் லடாக்கிலுள்ள மோரே சமவெளியை அடைந்து, ஏறத்தாழ 4,700 மீட்டர் உயரத்தில் ஊசலை ஆட்டினார். ஒரே அளவுடன் நிறைவுறாமல், மற்றோர் உயர்ந்த நிலையத்திலும் அளவெடுக்க விரும்பி மேலும் சென்றார். குளிரும் உயரமும் அவரது உடலை முறித்தன. அவ்வாண்டு ஜூலை 17-ஆம் தேதி அம்மலைநாட்டிலேயே காலமானார். எஞ்சிய பணியைக் காப்டன் ஹெவிஸைடு ஏற்று, ஊசல்களை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று அங்குள்ள கியூ நிலையத்தில் ஆட்டி முடித்தார். முழு அறிக்கை 1879-இல் வெளிவந்தது.

கண்ட முடிவு பிராட், ஏரி ஆகியோரின் பக்கமே சாய்ந்தது. மலைமேல் ஈர்ப்பு, பாறையின் பருமனைக்கொண்டு எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்திருந்தது. கடற்கரை நிலையங்களில் உள்நாட்டைவிட மிகுந்திருந்தது. நடுக்கடலிலுள்ள மினிக்காயிலோ இன்னும் மிகுந்திருந்தது. மலையின் அடியில் லேசான பாறையும், கடலின் அடியில் கனமான பாறையும் உள்ளன என்ற கருத்துக்கு இந்தியாவிலிருந்து கிடைத்த வலுவான சான்று இதுவே. இன்று நிலநடுக்க அலைகளைக்கொண்டு அளந்ததில், திபெத்தின் அடியில் பூமியின் மேலோடு 70 கிலோமீட்டர் அளவுக்குத் தடித்து இறங்கியிருப்பது தெளிவாகியுள்ளது.

தாங்கியும் ஆடும்

பாஸெவியின் காலத்தில் திருத்தப் பட்டியலில் முறையான இடம் பெறாத காரணம் ஒன்று இருந்தது. ஊசல் இடப்புறம் செல்லும்போது தன் தாங்கியையும் சிறிது இடப்புறம் இழுக்கிறது. வலப்புறம் செல்லும்போது வலப்புறம் இழுக்கிறது. தாங்கி கண்ணுக்குப் புலனாகாத அளவு நெகிழ்ந்தாலும், ஊசல் தன் நீளத்தைவிடச் சற்று நீண்ட ஊசல்போல் ஆடும். அமெரிக்கக் கரையோர அளவை இலாகாவில் பணியாற்றிய சார்லஸ் பியர்சு 1870-களின் நடுவில் ஐரோப்பிய நிலையங்களில் அளவெடுத்தபோது இதை அளந்து எண்களால் நிறுவினார். பலர் முதலில் ஏற்கத் தயங்கினர். கணக்கு அவர் பக்கம் இருந்தது. இந்தியாவின் முதல் தொகுதி அளவுகள் அதற்குள் முடிந்துவிட்டன.

1903 முதல் 1907 வரை லெனாக்ஸ்-கன்னிங்காம் நடத்திய இரண்டாம் தொகுதியில் ஸ்டெர்னெக் வகை அரைவிநாடி ஊசல்கள் பயன்பட்டன. இவற்றின் நீளம் வினாடி ஊசலின் கால்பங்கு, அதாவது 25 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கருவி சிறியதாதலால் தூக்கிச் செல்வது எளிது. தாங்கியின் நெகிழ்வை அளந்து திருத்துவதும் முறையின் ஒரு பகுதியாக இருந்தது. பின்னர் சுருள்வில் ஈர்ப்புமானிகளும், வெற்றிடத்தில் ஒரு பொருளை விழவிட்டு ஒளியலைகளால் அதன் வீழ்ச்சியை அளக்கும் கருவிகளும் வந்து ஊசலுக்கு ஓய்வளித்துவிட்டன. சுருள்வில் ஈர்ப்புமானி சில நிமிஷங்களில் தரும் விடைக்குப் பாஸெவி பல நாட்கள் உழைக்க வேண்டியிருந்தது.

வகுப்பறையில்

மேற்கூறிய திருத்தங்கள் அனைத்தையும் பள்ளிச் சோதனையில் புகுத்துவது வீண் வேலை. எது முக்கியம், எது முக்கியமன்று என்று எண்களைக்கொண்டு தேர்வதே அங்கே கற்கவேண்டிய பாடம். ஒரு மீட்டர் ஊசல் 20 அலைவுக்குச் சென்னையில் 40.2 விநாடி எடுக்கும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 விநாடி தவறினால் ஈர்ப்பின் விடையில் நூற்றில் ஒரு பங்கு பிழை வரும். 10 பாகை வீச்சினால் வரும் பிழை நூற்றில் 0.4 பங்குகூட இல்லை. காற்றும் உஷ்ணமும் செய்யும் பிழையோ இதில் இருக்குமிடம் தெரியாமல் மறைந்துவிடும். ஆகவே மாணவனின் கவனத்தைக் காற்றின்மீது திருப்புவதைவிட விரலின்மீது திருப்புவது பயனுடையது. 20 அலைவுக்குப் பதில் 50 அலைவுகளை அளந்தால் பிழை ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும்.

குண்டு எங்கே இருக்கும்போது எண்ணுவது என்பதும் முக்கியம். ஓரத்தில் நிற்கும்போது எண்ணுவது எளிதென்று மாணவர் கருதுவர். ஆனால் 5 பாகை வீச்சுள்ள ஒரு மீட்டர் ஊசல், ஓரத்தை ஒட்டிய கடைசி 5 மில்லிமீட்டரைத் தொட்டுத் திரும்புவதற்கே 0.2 விநாடி எடுக்கிறது. அதே 5 மில்லிமீட்டரை நடுவில் 0.02 விநாடியில் கடந்துவிடுகிறது. ஆகவே குண்டின் ஓய்வு நிலைக்குப் பின்னே ஒரு கோடு வரைந்து, குண்டு அதைக் கடக்கும் கணத்தையே குறிக்கவேண்டும். கடிகாரத்தை அழுத்தும்போது 'ஒன்று' என்று தொடங்கி எண்ணுவது மிகப் பரவலான தவறு. அங்கே சொல்லவேண்டியது 'சுழி'. இல்லாவிடில் 19 அலைவுகள் 20 எனக் கொள்ளப்படும், ஈர்ப்பு 10.8 என்று வரும். ஒரு மாணவனின் ஏட்டில் 10.8 என்ற விடையைக் கண்டால் ஆசிரியர் வேறெதையும் ஆராய வேண்டியதில்லை.

நூலை இரண்டு தக்கைத் துண்டுகளுக்கு இடையே இறுகப் பிடிக்கவேண்டும். ஆணியில் சுற்றிய நூல் ஆட்டத்தோடு சுற்றியும் அவிழ்ந்தும் நீளத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். தாங்கி ஆடாத மேசையின் விளிம்பில் திருகிப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். குண்டைப் பக்கவாட்டில் தள்ளாமல் விட்டுவிடுவதே முறை. தள்ளினால் நேர்கோட்டில் ஆடாது வட்டமிடும். மின்விசிறியை நிறுத்திவிடவேண்டும் என்று சொல்லவேண்டியதில்லை.

நீளத்தை முடிச்சுவரை அளந்து, குண்டின் மையம்வரை அளக்காமல் விடுவது மற்றொரு தவறு. 2 சென்டிமீட்டர் விடுபட்டால் 9.78 வரவேண்டிய இடத்தில் 9.59 வரும். ஆனால் பல நீளங்களுக்கு அலைவு காலத்தின் வர்க்கத்தைக் கண்டு வரைபடமாக வரைந்தால், இத்தவறு சாய்வைத் தொடுவதில்லை. கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமல் சற்று விலகிச் செல்லும்; நீள அச்சைச் சுழிக்கு இடப்புறம் அது வெட்டும் தூரமே விடுபட்ட நீளம். மாணவன் அத்தூரத்தை வரைபடத்தில் படித்துவிட்டு, பிறகு முடிச்சுக்கும் குண்டின் மையத்துக்கும் இடையே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.